அறுபத்தெட்டு வயதில் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொண்டேன்

எங்கள் பக்கத்துச் சாலைகளைப் பற்றி வெளியூர் நண்பர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். டெல்டாவில் சாலை என்பது பாதிக்கு மேல் ஆற்றங்கரை, அல்லது வாய்க்கால் கரை. முதலில் கரை இருந்தது, அதன்மேல் மாட்டுவண்டி போனது, பிறகு அதற்கே தார் போட்டார்கள். ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம் ஆளுயரப் பள்ளத்தில் வயல். ஓரத்தில் தாத்தா காலத்துப் புளியமரம், அது யாருக்காகவும் நகராது. நாலுவழிச் சாலையில் போகிறவர்கள், "குறுக்கே வந்தான், சட்டென்று ஒடித்துத் தப்பித்தேன்" என்று கதை சொல்வார்கள். இங்கே ஒடித்தால் ஒன்று மரம், இல்லாவிட்டால் ஆறு.

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்குப் பழைய சாலையில் போனால் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். எங்கள் ஊர் திருவையாற்றுக்கு மேற்கே, காவிரிக் கரையில். கடந்த மூன்று வருடங்களாக வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், இந்த ஐந்து பாலங்களையும் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை தாண்டிக்கொண்டிருக்கிறேன். என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. தஞ்சாவூரில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் மெஷின். எங்களுக்குக் கிடைத்த ஷிப்ட் மதியத்துக்கு மேல்தான். எல்லாம் முடிந்து, ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நின்று, ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பும்போது இரவு எட்டு மணி ஆகிவிடும்.

பெங்களூரில் இருக்கும் மகன் போனில் அடிக்கடி ஆரம்பிப்பான். "அப்பா, உங்களுக்கு அறுபத்தெட்டு. ராத்திரியில ஆத்தங்கரை ரோட்டுல எதுக்கு இந்த வேலை? ஆக்டிங் டிரைவர் வச்சுக்கங்க." வைத்தும் பார்த்தோம். நல்ல பையன்தான். ஆனால் அறுவடைக் காலத்தில் அவன் டிராக்டருக்குப் போய்விடுவான். அதைவிட, டயாலிசிஸ் முடிந்து வரும்போது இவளுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். அந்நியப் பையன் முன்னால் அப்படி உட்கார்ந்து வர அவளுக்குக் கூச்சம். "நீங்களே ஓட்டுங்க. பயமா இருந்தா நல்லா ஓட்டக் கத்துக்கங்க" என்றாள். கோபத்தில் சொன்னாளா, கிண்டலாகச் சொன்னாளா தெரியாது. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

நான் வேளாண்மைத் துறையில் உதவி வேளாண் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். வரப்பிலும் கரையிலும் மொபெட் ஓட்டியே சர்வீஸ் முடிந்தது. கார் வாங்கியது 2019-ல். லைசென்ஸ் எடுத்தபோது என்ன கேட்டார்கள்? எட்டுப் போடச் சொன்னார்கள், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்கள், கையைக் காட்டச் சொன்னார்கள். ஒரே ஒரு தடவை முழு வேகத்தில் போய் முழு பிரேக் அடித்து நிறுத்திக் காட்டச் சொன்னவர் யாருமில்லை. நம்மில் எத்தனையோ பேர் நாற்பது வருடம் வண்டி ஓட்டிவிட்டு, முழு பிரேக் என்றால் எப்படியிருக்கும் என்று ஒருமுறைகூடப் பார்க்காமலே ஸ்டியரிங்கை விட்டு இறங்கிவிடுகிறோம்.

எனக்குக் கிடைத்த வாத்தியார் சோழன் போக்குவரத்துக் கழகத்தில் டிரைவராகச் சேர்ந்தவர். 1972-ல் கும்பகோணத்தைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய அந்தச் சோழன்தான், 1997-ல் பெயர்களையெல்லாம் எடுத்தபோது அரசுப் போக்குவரத்துக் கழகம், கும்பகோணம் என்று ஆனது. எங்கள் வயதுக்காரர்களுக்கு இன்றும் அது சோழன் பஸ்தான். அதற்கும் முந்தியவர்களுக்கு ராமன் அண்ட் ராமன். கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்தும் கனரக வாகனப் பயிற்சிப் பள்ளிக்கும் போய் வந்து, பிற்காலத்தில் டெப்போவில் புது டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார்.

"கத்துக் குடுக்குறேன் சார். காசு வேணாம், பொன்னி அரிசி அரை மூட்டை குடுத்துருங்க. ஒரு நிபந்தனை. நான் சொல்ற வரைக்கும் ரோட்டுக்குப் போகக் கூடாது."

ரோட்டுக்குப் போகாமல் எங்கே ஓட்டுவது? வல்லம் பக்கம் மனைப்பிரிவு போட்டு, தார் ரோடெல்லாம் அமைத்து, ஒரு வீடும் எழும்பாமல் கிடக்கும் இடங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அங்கே நாயும் ஆடும்கூட இருக்காது. விளைந்த நிலத்தை மனையாக்கிய இடத்தில் கால் வைக்கவே எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

முதல் நாள் வண்டியைக் கிளப்பவே விடவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னார். ரப்பர் செருப்பு ஈரத்தில் பெடலில் வழுக்கும், பெடலுக்கு அடியில் மடிந்தும் மாட்டிக்கொள்ளும். ஒன்று ஷூ, இல்லாவிட்டால் பின்னால் வார் வைத்த செருப்பு. பிறகு சீட். பிரேக்கை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். அப்போதுதான் கால் பலம் முழுக்கப் பெடலில் இறங்கும். சாய்ந்து ராஜா மாதிரி உட்கார்ந்து ஓட்டுகிறவர்களுக்கு, அவசரத்தில் கால் எட்டும், பலம் எட்டாது. கை இரண்டும் கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடத்தில்.

அப்புறம் மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினார். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு வண்டி ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். கண் பார்த்து, மனசு முடிவெடுத்து, கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு வினாடிக்கு மேல் ஆகும். எங்கள் வயதில் கொஞ்சம் கூடவே ஆகும். அதாவது பிரேக் தொடும் முன்பே 17 மீட்டர் போய்விட்டது. பிறகு நல்ல காய்ந்த ரோட்டில் நிற்க இன்னொரு 20 மீட்டர். ஈரமென்றால் 30-க்கும் மேல். "அறுபதுக்கும் எண்பதுக்கும் இருபதுதானேன்னு நெனைப்பாங்க. பிரேக்குக்கு அப்படிக் கணக்கு இல்ல சார். எண்பதுல பிரேக் தூரம் கிட்டத்தட்ட ரெட்டிப்பு." அறுபதின் வர்க்கத்தையும் எண்பதின் வர்க்கத்தையும் வகுத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான் என்று தெரியும். அவர் எட்டாவது வரைக்கும்தான் படித்தவர்.

இரண்டாவது ஞாயிறு, வைக்கோல் அடைத்த இரண்டு சாக்குகளைப் பாதையில் போட்டார். முதலில் அவர் ஓட்டினார், நான் பக்கத்தில். ஐம்பதில் வந்து பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டிக்கு அடியில் கடகடவென்று சத்தம், உடைந்ததோ என்று நினைக்கும்படி. சாக்குக்கு முன்னால் நின்றது. அதுதான் ஏபிஎஸ். 2019 ஏப்ரலில் இருந்து புதுக் கார்களுக்கெல்லாம் கட்டாயமாக்கிவிட்டார்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிப்போகாமல், பிரேக்கை வினாடிக்குப் பல தடவை விட்டுவிட்டுப் பிடிக்கும். அந்த அதிர்ச்சிதான் காலுக்கு அடியில் துடிப்பாக வருகிறது. முன்பின் தெரியாதவர்கள் அந்தத் துடிப்பில் பயந்து, எந்த நேரத்தில் மிதித்தே இருக்க வேண்டுமோ அந்த நேரத்தில் காலை எடுத்துவிடுவார்கள். "துடிச்சா நல்லது. அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். வண்டி நிக்கிற வரைக்கும் காலை எடுக்காதீங்க." அன்று காலை பதினைந்து தடவை மிதித்திருப்பேன். கடைசியில் காலுக்கு அது பழகிவிட்டது. ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டி வைத்திருப்பவர்கள், சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கினால் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி மிதிக்க வேண்டும். அது வேறு பழக்கம். எந்த வண்டியானாலும் சாலையில் வைக்கோலோ சரளையோ கிடந்தால் நிற்கும் தூரம் கூடும்.

மூன்றாவது வாரம் அவர் வலியுறுத்தியது ஒன்றே ஒன்று. நாய், கோழி, ஆடு எது குறுக்கே வந்தாலும் ஸ்டியரிங்கை ஒடிக்காதே, நேராக நின்று பிரேக் பிடி. கேட்கக் கொடூரமாக இருக்கும். நாயைக் காப்பாற்றப் போய்ப் புளியமரத்தில் மோதிய கார்களை அவர் தன் சர்வீஸில் பார்த்திருக்கிறார். "நம்ம ரோட்டுல ஒதுங்க எடம் கெடையாது சார். நின்னாத்தான் தப்பிக்க முடியும்."

டயர் வெடிப்புக்கு உடம்பு சொல்வதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். வெடித்ததும் பிரேக்குக்குத்தான் கால் போகும். பிரேக்கைத் தொட்டால் வண்டி வெடித்த பக்கம் இழுத்துத் திரும்பிவிடும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கி நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரை மெல்ல விட்டு, வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரங்கட்ட வேண்டும். அதைவிட, டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சடித்திருப்பார்கள், அதைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்தது. நம் மாதிரி குறைவாக ஓட்டுகிறவர்களின் டயரில் பட்டன் தேயாமல் புதுசு போலவே இருக்கும், ரப்பர் மட்டும் கிழடாகியிருக்கும். சித்திரை வெயிலில் காற்றும் குறைவாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பிரேக் பிடிக்காமல் போனால் பெடலை வேகமாக நாலைந்து தடவை அடித்துப் பார், கியரை ஒவ்வொன்றாக இறக்கு, கைப்பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இழு, சாவியை மட்டும் அணைத்துவிடாதே, ஸ்டியரிங் கனத்துப்போகும், பூட்டிக்கொள்ளவும் கூடும் என்றார். மழையில் தேங்கிய தண்ணீர்மேல் வண்டி மிதக்கிற மாதிரி இருந்தால் பிரேக்கும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம், ஆக்சிலேட்டரை விட்டால் போதும். இவற்றை அவர் சுருக்கமாகத்தான் சொன்னார். நானும் சுருக்கிவிடுகிறேன்.

இதற்கிடையில் மகன் சும்மா இருப்பானா? எங்கிருந்தோ நார்வே நாட்டு விஷயம் ஒன்றைத் தேடி அனுப்பினான். அங்கே 1979-ல் இருந்து, புதிதாக லைசென்ஸ் எடுப்பவர்களுக்கு வழுக்கும் தரையில் வண்டியைச் சமாளிக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு கணக்கெடுத்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற இளைஞர்கள் வழுக்குச் சாலையில் செய்த விபத்து குறையவில்லை, கூடியிருந்தது. காரணம், எனக்குத்தான் சறுக்கலைச் சமாளிக்கத் தெரியுமே என்ற தைரியம். அதன்பிறகு பாடத்தையே மாற்றி, வண்டி எவ்வளவு லேசில் கைமீறிப் போகும் என்பதை உணரவைக்கும் பயிற்சியாக ஆக்கினார்களாம். "பாருங்கப்பா" என்று ஒரு வரி சேர்த்திருந்தான்.

அதை வாத்தியாரிடம் சொன்னேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். "நூத்துக்கு நூறு உண்மை சார்" என்றார். அவர் டெப்போவிலும் அப்படித்தானாம். சர்க்கஸ் மாதிரி ஓட்டத் தெரிந்தவன் என்று பேரெடுத்த டிரைவர்களின் வண்டிதான் பட்டறைக்கு அடிக்கடி வரும். விபத்தே இல்லாமல் ஓட்டிப் பரிசு வாங்கினவர்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு வீரக்கதையும் இருக்காது. "பிரேக் அடிக்கச் சொல்லிக் குடுத்தது நீங்க அடிக்கிறதுக்கு இல்ல. இவ்வளவு தூரம் போயித்தான் நிக்குமான்னு ஒரு பயம் வரணும், அதுக்கு." அதன்பிறகு பாடம் கால்களிலிருந்து கண்ணுக்கு மாறியது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் பயிர் பார்த்தவன். வாத்தியார் ரோடு பார்த்தவர். இரண்டு பேரும் டீக்கடையில் உட்கார்ந்து டெல்டா சாலைக்கு ஒரு பஞ்சாங்கம் போட்டோம். ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பது வழக்கம். அதிலிருந்து ஜனவரி 28 வரைக்கும் கரையோரம் சறுக்கினால் விழுவது தண்ணீரில், அதற்குப் பிறகு பள்ளத்தில். ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் விடியற்காலை இருட்டில் சாரை சாரையாகப் போவார்கள். புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுப்பும் மழையும் ஒன்றாக வரும், சாலையில் சேறு. கார்த்திகையில் தார் ஓரத்து மண் ஊறி நிற்கும், ஒதுங்கினால் சக்கரம் இறங்கும். தை, மாசியில் சம்பா அறுவடை: சாலை அகலத்துக்கு அறுவடை இயந்திரம், பின்விளக்கு இல்லாத டிரெய்லர், பரப்பிய நெல், வைக்கோல். அறுத்த வயலை மேய வரும் வாத்து மந்தை சாலையைக் கடக்க ஐந்து நிமிடமாகும். அதன்பின் ராமநாதபுரத்துக் கிடை ஆடுகள். பங்குனி, சித்திரையில் உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பி வண்டி ஏற விடுவார்கள். அது காருக்கு அடியில் சுற்றி, சூடான சைலன்சரில் பட்டுத் தீப்பிடித்துவிடும். அந்தக் காலத்தில் செடிமேல் வண்டியை ஏற்றாமல், முடிந்தால் வேறு பாதையில் போவதே நல்லது.

தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்பதில் வாத்தியாருக்கு அனுபவமில்லை. "அதை நான் பார்க்கல சார், பார்த்திருந்தா இங்க இருக்க மாட்டேன்" என்றார். அதற்கு நானே தேடிப் படித்தேன். கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகத்தில் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர், ஆட்களை உட்காரவைத்தே கார்களைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்திருக்கிறார். அவர் சொல்வது: கார் உடனே மூழ்காது, அரை நிமிடம், ஒரு நிமிடம் மிதக்கும். அதற்குள் வேலை முடிய வேண்டும். போனை எடுக்காதே. சீட் பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியை இறக்கு, பிள்ளைகளை முதலில் வெளியே தள்ளு, நீயும் அந்த வழியாகவே வெளியேறு. கதவைத் திறக்க முயலாதே. வெளியே தண்ணீர் அழுத்துகிறது, திறந்துவிட்டால் உள்ளே பாய்ந்து கார் உடனே முங்கும். பவர் விண்டோ நின்றுபோனால் பக்கவாட்டுக் கண்ணாடியை மூலையில் அடித்து உடைக்கலாம். முன் கண்ணாடியில் அடித்துப் பயனில்லை, அது ஒட்டுக்கண்ணாடி.

வீட்டு வாசலில் கார் நிற்கும்போது மனைவியை உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு பெல்ட் கழற்றிக் கண்ணாடி இறக்கச் சொன்னேன். இடது கையில் டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா வைத்திருக்கிறார்கள், அந்தக் கையில் பளு கூடாது. வலது கையாலேயே இரண்டையும் செய்யப் பழக்கினேன். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, என்ன நடக்கிறது என்று கேட்டார். இவள் சொன்னாள்: "டாக்டர் எனக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணிதான் குடிக்கச் சொல்லியிருக்காரு. இவரு என்னை ஆத்துலயே எறக்கப் பாக்குறாரு." வெண்ணாற்றங்கரையில் பிறந்து, பாலத்திலிருந்து குதித்து நீந்தியவள் அவள். நான் ஊற வைத்த நெல் மாதிரி, போட்டால் அடியில்தான் கிடப்பேன்.

வாத்தியார் கடைசியாக வைத்த பரீட்சை ஒன்று உண்டு. "அம்மா திரும்பி வரும்போது கார்ல தூங்கணும். அஞ்சு பாலமும் தாண்டற வரைக்கும் முழிக்கக் கூடாது. அன்னிக்கு நீங்க பாஸ்." டயாலிசிஸ் முடிந்த உடம்புக்குச் சின்னக் குலுக்கலும் வயிற்றைப் புரட்டும். அவள் தூங்க வேண்டுமானால் தூரத்தில் சிவப்பு விளக்கு தெரியும்போதே வேகத்தைக் கரைத்துவிட வேண்டும், வேகத்தடை வரப்போவது சக்கரத்துக்குத் தெரியும் முன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றரை மாதம் ஆயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை வடவாறு தாண்டும்போது கண்ணை மூடியவள், திருவையாறு கடைவீதி இரைச்சலில்தான் விழித்தாள். மகனுக்கு அன்றிரவே போன் போட்டுச் சொன்னேன். "சரிப்பா" என்றான், அவ்வளவுதான். ஆனால் ஆக்டிங் டிரைவர் பேச்சு அதன்பின் வரவில்லை.

முழு பிரேக் தேவைப்பட்ட நாளும் ஒன்று வந்தது. போன மாசி மாதம், செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணி இருக்கும். திருவையாறு தாண்டி எங்கள் ஊர்ச் சாலை, சம்பா அறுவடைக் காலம் என்பதால் நாற்பத்தைந்துக்கு மேல் போகவில்லை. எதிரே ஒரு லாரி, ஹை பீம் போட்டுக்கொண்டு வந்தது. அப்படி வந்தால் வெளிச்சத்தைப் பார்க்காதே, இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார் என்பது பாடம். காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கோடு அறுந்துபோனது. எங்கோ ஒரு இடத்தில் வெள்ளை முடிந்து வெறும் கறுப்பு.

என்னவென்று யோசிக்கவில்லை. கால் இறங்கிவிட்டது. கடகடவென்று பெடல் துடித்தது, ஸ்டியரிங் நேராகவே இருந்தது, வண்டி நின்றது. லாரி போன பிறகுதான் பார்த்தேன். கறுப்புத் தார்ப்பாய் போர்த்திய நெல் குவியல், சாலையில் பாதி. காற்றில் தார்ப்பாய் பறக்காமலும் வண்டி ஏறாமலும் இருக்கச் சுற்றிலும் தலை அளவு கருங்கற்கள். முதல் கல்லுக்கும் பம்பருக்கும் நாலடி. நாலு பக்க விளக்கையும் சிமிட்ட விட்டேன். பின்னால் ஒரு பைக் கிறீச்சிட்டு நின்றது. ஹெல்மெட் இல்லாத பையன், என்னை இடது பக்கமாகவே முந்திவிட ஓரம் பார்த்துக்கொண்டு வந்தவன். கற்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வண்டியை ஓரமாகத் தள்ளினான்.

குவியலுக்கு அந்தப் பக்கம் தார்ப்பாயோடு தார்ப்பாயாக ஒருவர் படுத்திருந்தார். சத்தம் கேட்டுத் தலைத் துண்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்தார்.

"யாரு... அக்ரி சாரா?"

எனக்கும் தெரிந்த முகம்தான். இரண்டு ஏக்கர் சாகுபடி. நெல்லைத் திருடிப் போகாமல் காவலுக்குப் படுத்திருக்கிறார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள், இவருடையது 19 காட்டியதாம். ஊர்க் களம் ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கிறது. காயவைக்க ரோட்டைவிட்டால் வேறு இடமில்லை. இதையெல்லாம் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த விதியை வருடா வருடம் கூட்டம் போட்டு விவசாயிகளுக்குச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

காரிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "முதல்ல அந்தக் கல்லை எடுக்கச் சொல்லுங்க." அவர் தயங்கினார். கல்லை எடுத்தால் நெல்மேல் லாரி ஏறிவிடும். கடைசியில் பையனும் நானும் அவருமாகச் சேர்ந்து குவியலை ஓரமாக ஒடுக்கி, கற்களை உள்பக்கம் தார்ப்பாயின்மேல் ஏற்றி வைத்தோம். கார் வாங்கும்போது டிக்கியில் கொடுத்திருந்த சிவப்பு முக்கோணத்தை எடுத்து, முப்பதடிக்கு முன்னால் விரித்து வைத்தேன். படுக்கையையும் வயல் பக்கத்துச் சரிவுக்கு மாற்றச் சொன்னேன்.

மறுநாள் வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். கால் எடுக்காமல் மிதித்ததைப் பற்றி ஒரு பாராட்டு வரும் என்று கொஞ்சம் ஆசைதான். அவர் கேட்டது வேறு. "கோடு அறுந்ததைப் பார்த்தீங்களா, தார்ப்பாயைப் பார்த்தீங்களா?" கோட்டைத்தான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம், "அந்த ஆளு இன்னிக்கு ராத்திரி எங்க படுப்பாரு?" என்றார்.

அந்தப் பைக் பையன் கல்லில் மோதியிருந்தால் என்ற நினைப்பு இரண்டு நாள் என்னை விடவில்லை. 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். விபத்தைப் பார்த்தால் நின்று 108-ஐக் கூப்பிட நம்மவர்களுக்கு இன்னும் பயம் இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், உதவி செய்தவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது, பெயர்கூடச் சொல்லத் தேவையில்லை என்று எழுதிவிட்டார்கள். 2021 டிசம்பரில் வந்த "நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் யாராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு வாங்கக் கூடாது. திண்ணையில் பேசும்போது இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது.

தஞ்சாவூரில் லாரிகளுக்கு ஸ்டிக்கர் விற்கும் கடையில், வெளிச்சம் பட்டால் பளிச்சிடும் சிவப்பு வெள்ளைப் பட்டை ஒரு சுருள் வாங்கி வந்தேன். தார்ப்பாயில் ஒட்டிப் பார்த்தேன், இரண்டு நாளில் உரிந்துவிட்டது. மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, கோணி ஊசியும் நைலான் நூலும் கேட்டாள். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் திண்ணையில் உட்கார்ந்து, விளிம்பில் முழத்துக்கு ஒன்றாக வைத்துத் தைத்துக் கொடுத்தாள். குறுவை அறுப்புக்குள் எங்கள் தெருவில் பதினோரு தார்ப்பாய் ஆயிற்று. இரவில் காரில் வரும்போது தூரத்திலேயே மின்னுகிறது. இரண்டாவது சுருளும் பாதி தீர்ந்துவிட்டது. மாட்டுவண்டிக்குப் பின்னால் ஒட்ட ஒரு முழம் கேட்டு ஒருவர் வந்து போயிருக்கிறார்.

அக்ரி சார் கொடுத்த முக்கோணம் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. இந்தப் பருவத்துக்கும் அவருக்கே வேண்டுமாம். நான் வேறு வாங்கிவிட்டேன்.